மணல் ஒட்டிய பூட்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் காலைப் பனியில் வேலையிடத்துத் தகரக் கூரை வழுக்கி, என் அறையில் தங்கியிருந்த பெயின்டர் அண்ணன் விழுந்துவிட்டார். எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. மறுநாளே பூட்ஸின் அடியில் பசை தடவி, சலித்த மணலைத் தூவிக் காயவைத்தேன்.

மேஸ்திரி சிரித்தார். "என்னடா, காலுக்கு உப்புத்தாளா?"

சாயங்காலம் அவரே தன் பூட்ஸை நீட்டினார். "எனக்கும் ஒட்டிக் குடுடா."

இப்போது கால் கப்பென்று பிடிக்கிறது. அண்ணனின் உடலை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் பூட்ஸ் மட்டும் கட்டிலடியில் கிடந்தது. அதற்கும் மணல் ஒட்டிவைத்தேன். ஏனோ அழுகை வரவில்லை, அம்மா.

இனி நான் கூப்பிட்டால் சட்டென்று போனை வைத்துவிடாதே. பேச ஒன்றுமில்லாவிட்டாலும் பரவாயில்லை, மிக்ஸி ஓடும் சத்தமாவது கேட்கட்டும்.

வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உன் மகன்