நோட்டில் நீங்க காலியா விட்ட வரி

என் பிரியத்துக்குரிய பாவாவுக்கு,

புயல் அடங்கி ரெண்டு நாள் ஆச்சு. கரெண்ட் இன்னைக்குத்தான் வந்துச்சு. வந்ததும் முதல் வேலையா, ஏரியில பார்த்த பறவையெல்லாம் நாம எழுதி வைப்போமே, அந்த நோட்டைத் தேடி எடுத்தேன்.

நாலு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு புயல்ல, ஏரிக்கரையிலேர்ந்து தொப்பலா நனைஞ்சு ஓடி வந்தீங்க. "கடல் ஆலா ஒண்ணு காத்துல அடிச்சுகினு வந்திருக்குது. முதுகு கன்னங்கரேல்னு, வயிறு வெள்ளை, வாலு ரெண்டாப் பிரிஞ்சு. சீக்கிரம் வா"ன்னீங்க. எனக்கு அடுப்புல குழம்பு. "கடல் எங்க இருக்குது, திருத்தணி எங்க இருக்குது? ரெட்டைவால் குருவியா இருக்கும், போங்க"ன்னு சிரிச்சேன். ஆற அமர நான் வந்தப்ப அது போயிடுச்சு.

ரெண்டு பேரும் பார்த்தாத்தான் நோட்டுல ஏத்தணும்னு கல்யாணமான புதுசுல சட்டம் போட்டவ நான்தானே. அன்னைக்கும் விட்டுக்கொடுக்கலை. நீங்க சண்டை போடலை. ஒரு வரியைக் காலியா விட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிட்டீங்க. போன தையில மாரடைப்புல நீங்க போனப்பவும் அந்த வரி காலியாத்தான் கிடந்துச்சு. உங்களை நம்புறதுக்கு எனக்கு என்ன கேடு வந்துச்சு பாவா?

அதனால இந்தப் புயலை விடுறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். "இந்தக் காத்துல ஏரிக்குப் போறேன்றியே, உனக்கு என்னம்மா ஆச்சு?"ன்னு நம்ம பொண்ணு கதவை மறிச்சுகினு நின்னா. "நவுரு"ன்னேன். உங்க ரெயின்கோட்டைப் போட்டுகினு, பைனாகுலரை மாட்டிகினு கிளம்பிட்டேன்.

முதல் நாள் மழையில திருத்தணி மலையே தெரியலை. மோட்டார் ரூம் சுவரோரமா ஒண்டி நின்னேன். கொக்குங்க கழுத்தை இழுத்துகினு கரையில உட்கார்ந்திருந்துச்சுங்க, அவ்வளவுதான். மறுநாளும் போனேன். பதினோரு மணி வாக்கில மழை கொஞ்சம் விட்டுச்சு. மதகுக்கு மேல ஒண்ணு, காத்தை எதிர்த்துகினு நின்ன இடத்துலயே பறந்துச்சு. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, பிரிஞ்ச வாலு. "பாவா, இங்க பாருங்க"ன்னு வாய்விட்டே கூப்பிட்டுட்டேன். அப்புறம் அங்கேயே நின்னு அழுதேன்.

இன்னைக்கு அந்தக் காலி வரியில 'கடல் ஆலா'ன்னு எழுதிட்டேன். நீங்க அன்னைக்குப் பார்த்தீங்க, நான் இப்போ பார்த்தேன். ரெண்டு பேரும் பார்த்தாச்சு. சட்டப்படி சரிதானே?

அடுத்த புயலுக்கு நம்ம பொண்ணையும் கூட்டிகினு போவேன். எப்பவாவது அவ மட்டும் எதையோ பார்த்துட்டு நனைஞ்சுகினு ஓடி வந்தா, அடுப்பை அணைச்சுட்டு அவ பின்னாடியே ஓடுவேன் பாவா. இது சத்தியம்.

உங்க மாமா பொண்ணு, உங்க பொண்டாட்டி,
கோமதி