குறை சொல்லத்தான் கூட்டம்

திருநெல்வேலி,
8.8.1994

அன்பு மரகதத்துக்கு,

நான் இங்கே சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தர்மபுரியில் மழை உண்டா?

நான் வேலை பார்க்கும் புத்தகக் கடையில் நேற்று ஒரு கூட்டம். ஏரலைச் சேர்ந்த ஃபர்ஹத் என்ற பெண்ணின் முதல் நாவல். எங்கள் முதலாளி வெங்கட்ரமணன் கடையில், வாசகர்கள் முதலில் குறையைத்தான் சொல்ல வேண்டும். "இன்றைக்குத் திட்டு வாங்கினால் இனி எழுதவே மாட்டேன்" என்று வாசலிலேயே என்னிடம் சொன்னாள் அந்தப் பெண். ஓய்வுபெற்றாலும் வாத்தியார் புத்தி போகுமா? பரீட்சைக்கு வந்த பிள்ளையைத் தேற்றுவது போல, "அருமையான நாவல்" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"சார்வாள், மொய் எழுதவா வந்தீரு? உக்காரும் வே!" என்றார் முதலாளி. கடையே சிரித்தது, நானும்தான்.

பிறகு தபால் ஆபீஸ் ஜயலக்ஷ்மி எழுந்தார். "கடைசி அத்தியாயத்துல அந்த மைமூனை ஏன்மா சாகடிச்சிய? எனக்குச் சோறு எறங்கல."

ஃபர்ஹத் மெதுவாகச் சொன்னாள்: "அவளை எப்படிப் பொழைக்க வைக்கதுன்னு எனக்குத் தெரியலக்கா."

"அப்போ அடுத்த புத்தகத்துல ஒருத்தியப் பொழைக்க வச்சுக் காட்டுங்க. மொதல்ல நான்தான் படிப்பேன்."

ஃபர்ஹத் அவருடைய விலாசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். என் பாராட்டால் இது நடந்திருக்காது. வெங்கட்ரமணன் பெரிய மனிதர், மரகதம்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் மோர்மிளகாய் கொடுத்துவிடு. கொஞ்சம் போதும், ஒரு ஆள்தானே.

அந்த நாவலை உனக்கு அனுப்புகிறேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் நீ தனியாக இருக்கும்போது படிக்காதே. தீபாவளிக்கு நான் வந்துவிடுகிறேன். கடை வாசல் பெட்டியில் தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உன்,
சிவராமன்