கண்மாய்க்கரைக்கு வழி சொன்னவள்

என் பெரியண்ணே, எனக்கு அப்பாவாகவும் இருந்தவனே,

உன்னை வெட்டிப் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. உன் படத்துக்குக் கீழே 'மக்கள் தலைவர்' என்று கொட்டை எழுத்தில் நினைவு நோட்டீஸ் அடிக்கிறார்கள். பார்த்தால் நீயே சிரித்திருப்பாய்.

தீப்பெட்டி ஆலையில் லோடு ஏற்றிக்கொண்டே தேர்தலில் நின்றாய். முதல் தடவை தோற்றாய், அடுத்தது வார்டு மெம்பர், பிறகு இரண்டு தடவை பஞ்சாயத்துத் தலைவர். தலைவரான பிறகும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ நீயேதான் ஏறினாய். கண்மாய் மண்ணைத் திருட்டுத்தனமாக அள்ளிய லாரிகளை மறித்தபோதுதான் வினை வந்தது. லாரிக்காரன் வேறு யாருமில்லை, உனக்கு ஓட்டுக் கேட்டு அலைந்தவன்.

"கொஞ்சம் கண்ண மூடிக்கிடுங்க அண்ணாச்சி" என்றான்.

"கண்ண மூடுததுக்கா ஊரு எனக்கு ஓட்டுப் போட்டுச்சு?" என்று கேட்டாய்.

இனி எழுதுவது மதினிக்குக்கூடத் தெரியாது. உன்னை வெட்டிய அன்று காலையில் அந்த லாரிக்காரன் இரண்டு பேரோடு நம் வாசலில் வந்து நின்றான். கையில் தட்டு. வெற்றிலை பாக்கு, பழம், மேலே மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை.

"தங்கச்சிக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்க்கா. அண்ணாச்சி கையில குடுத்து, மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதியன்னு சொல்லணும். எங்கன இருக்காவ?"

பகை தீர்ந்தது என்று எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பத்திரிகையை வீட்டுக்குப் பெரியவர் கையில்தானே கொடுக்க வேண்டும்? வந்த தட்டைத் திருப்பி அனுப்பலாமா? "கண்மாய்க்கரையில தனியாத்தான் நிக்காவ, வெரசாப் போங்க" என்றேன். தனியாக என்ற சொல்லையும் நானேதான் சேர்த்தேன். அவன் தங்கச்சிக்கு மாப்பிள்ளையே பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அலறல் கேட்டு ஓடி வந்தேன். கழுத்தில் இரண்டு வெட்டு, தலையில் ஒன்று. முகத்தை மறைத்த கையில் விரல்கள் இல்லை. கரிசல் வெடிப்புக்குள் உன் ரத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. வெற்றிலை உன் மேல் சிதறிக் கிடந்தது. தட்டை இரண்டு கையாலும் வாங்க வைத்துத்தான் வெட்டியிருக்கிறார்கள், பாவிகள்.

போலீஸிடம் யாரையும் பார்க்கவில்லை என்றேன். பயம் இல்லை அண்ணே, வெட்கம். வழி சொன்னவள் நான் என்று மதினியிடம் எப்படிச் சொல்ல? லாரித் தகராறை வைத்துச் சந்தேகத்தில் பிடித்த மூன்று பேரும் அந்த ஒரு பொய்யால் ஜாமீனில் வந்து கடம்பூர் ரோட்டில் பைக்கில் பறக்கிறார்கள்.

நம் தம்பி, சின்னவன், அரிவாளைத் தீட்டி வைத்திருக்கிறான். நேற்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"சாட்சியே இல்லன்னு கோர்ட்டுல விட்டுருவாவக்கா. அன்னைக்கே நான் முடிச்சிருதேன்" என்றான்.

உன்னை இழந்த வீடு அவனையும் இழக்க வேண்டுமா? அந்தச் சாட்சி தன் கையைப் பிடித்துக்கொண்டு எதிரேதான் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

உடலை முதலில் பார்த்தவள் என்று என்னைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பே இந்தக் கடிதத்தை உன் நோட்டீஸின் பின்பக்கம் அச்சடிக்கக் கொடுக்கிறேன். ஊர் படிக்கட்டும், மதினியும் படிக்கட்டும். பிறகு என்னால் பின்வாங்க முடியாது.

கூண்டில் ஏறி மூன்று பேரையும் கை காட்டுவேன் அண்ணே, இது சத்தியம். வழி சொன்னது நான்தான் என்பதையும் சொல்வேன். வெயிலில் வந்தவர்களாயிற்றே என்று, போகும்முன் மூன்று பேருக்கும் மோர் கொடுத்ததையும் மறைக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி