என் வீட்டின் நடுவே ஒரு பச்சைக் கோடு

ஜூலை 22, செவ்வாய்

காலையில் வார்டு கூட்டத்தில் மாநகராட்சிக்காரர்கள் பெரிய வரைபடம் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். கால்வாய்க்கரையிலிருந்து மந்தைவெளி ஸ்டேஷனுக்குப் புதிய நடைபாதை, பச்சைக் கோடாக. அது என் வீட்டின் நடுவே போகிறது. நாற்பது வருடமாக வரி கட்டும் வீட்டைக் காலிமனை என்று குறித்திருந்தார்கள்.

எழுந்து கேட்டேன். இன்ஜினீயர் பதறிவிட்டார். "சாரி மேடம், பழைய சர்வேய பாத்துப் போட்டுட்டாங்க." என் கண்ணெதிரிலேயே அந்தக் கோட்டை அழிக்கச் சொன்னேன். அழித்தார்.

என் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் செல்வியும் வந்திருந்தாள். கால்வாய்க்கரையில்தான் குடியிருக்கிறாள். "இன்னாம்மா, உங்க கிச்சன் வழியா பூந்து போனா ஸ்டேசன் அஞ்சு நிமிசம். தெனம் அரை மணி நேரம் சுத்திக்கினு போறோம். நல்ல வழிய கெடுத்துட்டீங்களே!" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இப்போது கண்ணை மூடினால் அந்தக் கோடு தெரிகிறது. செல்வி ஈரக்காலோடு என் ஹாலில் நடக்கிறாள். பின்னால் பள்ளிக்கூடப் பைகள், டிபன் கேரியர்கள், ஒரு சைக்கிள் மணி. ஆறு வருடத்துக்கு முன் இறந்துபோன என் கணவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஒதுக்கி எல்லோருக்கும் வழிவிடுகிறார். எனக்குக் கோபமே வரவில்லை.

வீட்டை ஒட்டி ஒரு சந்து உண்டு. அதுவும் என்னுடையதுதான். ஸ்டேஷனுக்குப் போகும் முன்தெருவிலிருந்து கால்வாய்ப் பக்கம் போகும். அவர் போனபின் நான்தான் அதன் பின்கேட்டைப் பூட்டினேன்.

அந்தக் கேட்டைக் காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை திறந்து வைக்கலாம். யாரும் குப்பை போடக்கூடாது. சாவி பீரோவின் மேல்தட்டில் இருக்கும்.

செல்வியிடம் நானாகச் சொல்ல மாட்டேன். திறந்திருந்தால் பார்த்துக்கொள்வாள்.