ஸ்டே

ஜூலை 11, வியாழன்

சாரல். ஓயாத காற்று. வாசல் மின்கம்பம் சாய்ந்துவிட்டது. காலையில் லைன்மேன் கதவைத் தட்டினான்.

"சார், உங்க ஸ்டே லூசாயிருச்சுங்க!"

கோர்ட் தடை உத்தரவு இவனுக்கு எப்படித் தெரியும்? அவன் காட்டியது கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பியை. ஸ்டே கம்பி. முறுக்கிக் கட்டினான். "இதுல துணி காயப் போடாதீங்க, ஷாக் அடிக்கும்" என்றான். துணி போட்டவள் இங்கே இல்லை, போ.

அவன் போனதும் அகராதி. ஸ்டே: தங்கு, நிறுத்தி வை, தாங்கிப் பிடி. இருப்பதும் நிறுத்துவதும் வெள்ளைக்காரனுக்கு ஒன்று. நம்மூரில் அதற்கு ஒரே அர்த்தம், பங்காளியை மடக்குவது. "ஸ்டே வாங்கிட்டானா?" "வாங்கிட்டான்." சந்தையில் கேரட் வாங்குகிற மாதிரி.

நானும் வாங்கினேன். தேயிலைக் கொழுந்து விலை விழுந்து பாக்டரியை மூடினார்கள். என் கிளார்க் வேலை போனது. அதே சாக்கில் அண்ணன், அப்பா விட்டுப்போன இந்த வீட்டையும் பின்னால் உள்ள தேயிலையையும் காட்டேஜ் கட்டும் பார்ட்டிக்குப் பேசி முடித்துவிட்டான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. "அவன் படிச்சவன், எங்கியாச்சும் பொழைச்சுக்குவான்" என்றானாம். அதை மறப்பேனா? இரண்டு வருஷமாக ஸ்டே. அவனும் விற்க முடியாது, நானும் முடியாது.

அந்த வருஷமே என் வீட்டுக்காரி சரசு மகளை அழைத்துக்கொண்டு திருப்பூர் போய்விட்டாள். பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை. "வித்துப்போட்டு வாங்க, மூணு பேரும் ஒண்ணா இருக்கலாம்" என்றுதான் சொல்லிப் போனாள்.

சனிக்கிழமை வருகிறாள். கம்பளி எடுக்கவாம்.

வாங்க: முட்டை, பால், காய்ந்த விறகு, அவளுக்குப் பிடித்த வர்க்கி பிஸ்கட்.

12, வெள்ளி

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் லாட்ஜ் புரோக்கர் ஒருவன் ஒட்டிக்கொண்டான்.

"ஸ்டே வேணுங்களா சார்?"

"ஏற்கனவே இருக்குது."

"எத்தன நாளைக்குங்க?"

"வக்கீலைத்தான் கேக்கணும்."

ஒதுங்கிப் போய்விட்டான்.

வக்கீல்: ஸ்டேயை வெகேட் செய்ய, அதாவது நீக்க, அண்ணன் மனு. திங்களன்று விசாரணை. "கவலப்படாதீங்க, நீட்டிச்சரலாம்." வேண்டாம், விட்டுவிடலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அண்ணன் பல்லைக் காட்டிச் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. "நீட்டிச்சிருங்க" என்றேன்.

வர்க்கி வாங்கினேன்.

13, சனி

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். செருப்பைக் கழற்றுமுன்பே:

"ஏனுங்க, ஊடு எதுக்கு இப்படிக் கெடக்குது?"

"ஸ்டே இருக்குதல்ல. கை வைக்கக் கூடாது."

"பூசணம் தொடைக்கறதுக்குமா தடை போட்டிருக்காங்க?"

சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று. அடுப்படியில் அவள் இருமுவதைக் கேட்டுக்கொண்டே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

14, ஞாயிறு

மதியம் கொஞ்சம் வெயில். ஜன்னலிலிருந்து ஸ்டே கம்பிக்குக் கொடி கட்டித் துவைத்த துணியைப் போட்டாள். லைன்மேன் சொன்னது ஞாபகம் வந்தது. கொடியை அவிழ்த்து வேலியில் கட்டிக்கொடுத்தேன். திட்டவில்லை. ஆச்சரியமாகப் பார்த்தாள்.

சாயங்காலம் அடுப்பு முன்னால்:

"புள்ள கேக்குதுங்க, அப்பா எப்ப வருவாருன்னு. விட்டுப்போட்டு வாங்களேன்."

"அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிரும்."

"ஜெயிச்சுட்டுப் போறாரு. நமக்கென்னங்க?"

அவள் விறகை உள்ளே தள்ளினாள்.

ஸ்டே, தமிழில் இரண்டே எழுத்து. இரு. காலையில் அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

15, திங்கள்

மழை. ஸ்டே நீட்டித்தாயிற்று, மறு உத்தரவு வரை. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வக்கீல் கை கொடுத்தார். டீ வாங்கித் தந்தார். ருசியே இல்லை.

காலையில் நான் எழுவதற்குள் அவள் பை கட்டி முடித்திருந்தாள். வாசலில் ஸ்டே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று செருப்பு மாட்டினாள். இப்போது சொல்லலாம் என்று இறங்கினேன்.

"பஸ் வரைக்கும் வர்றேன்" என்றுதான் வந்தது.

"வேண்டாமுங்க. உங்களுக்குக் கோர்ட்டுக்கு நேரமாச்சு. நீங்க இருங்க."

இருந்தேன். எதுவரை என்று அவள் சொல்லவில்லை.