பத்துச் சுற்று

உன் மனைவியின் இத்தா துக்க நாட்கள் முடிந்தபின் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். துபாயிலிருந்து வந்த உன் பெட்டியில் இருந்ததாக ஒரு படத்தைக் கொடுத்தாள். முழுக்கக் கருப்பு. ஓரத்தில் மட்டும் மிளகளவு வெள்ளைப் புள்ளி.

"அவங்க கட்டிலுக்கு மேல இதத்தான் ஒட்டி வச்சிருந்தாங்களாம்ண்ணே. ஒண்ணுமே தெரியலையே, ஸ்டுடியோவுல கெடுத்துட்டாங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.

பொய். உனக்குத் தெரியும்.

இரவில் படம் எடுக்க நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நீ விடுமுறையில் கேமரா கொண்டுவந்தாய். நான் அகராதியை வைத்துக்கொண்டு அதன் கையேட்டைப் படித்தேன். பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை கேமரா வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்று தெரிந்துகொள்ளவே ஒரு ரோல் வீணானது. பிறகு ஆலத்தியூர் சிமென்ட் ஆலைக்கு எதிரே, மணல் மூட்டைமேல் கேமராவை வைத்து உட்கார்ந்தோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நீ தொழுகைக்குப்பின் எண்ணும் தஸ்பீஹ் மணியை உருட்டினாய். முப்பத்துமூன்று மணி ஒரு சுற்று, ஏறக்குறைய அரை நிமிடம்.

காவல்காரர் வந்தார். "என்னாங்க பண்றீங்க?"

"வெளிச்சம் புடிக்கிறோம்ங்க."

"புடிச்சு எந்தச் சாக்குல கட்டப்போறீங்க?"

நீ சிரித்த சிரிப்பில் எண்ணிக்கை தவறியது. என் கடிகாரம் தவறவில்லை. படம் பளிச்சென்று வந்தது. அன்றிலிருந்து என் கணக்குதான் கணக்கு.

நீ மறுபடி கிளம்புவதற்கு முந்தின இரவு, வெள்ளாற்றின் அக்கரையில் நின்றோம். பாதி நிலா. ஆறும் உன் வீடும் ஒரே படத்தில் வேண்டும் என்றாய். ரோலில் ஒரு படம்தான் மிச்சம்.

"மாமா, பத்து சுத்து வைப்போம். இருட்டுல ஃபிலிமுக்கும் சோம்பல் வந்துருது" என்றாய்.

"ஃபிலிம் என்ன உன் மச்சானா, சோம்பல்பட? ரெண்டு சுத்து போதும். பேசாம இரு பாய்."

"சரி, வுடு."

இரண்டாவது சுற்றில் பொத்தானை விட்டுவிட்டேன். மறுநாள் பெரம்பலூர் ஸ்டுடியோவில், "கருப்பாத்தான் வரும், பிரிண்ட் வேணாம்ங்க" என்றார்கள். "பரவால்ல, போடுங்க" என்று வாங்கிக்கொண்டு, கேமராவை என் கையில் கொடுத்து பஸ் ஏறினாய். அடுத்த விடுமுறைக்குமுன் உன் மூச்சு அங்கேயே நின்றுவிட்டது.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. கேமரா உன்னுடையது, வீடு உன்னுடையது. என் கையைத் தட்டிவிட்டு ஏன் பத்துச் சுற்று வைக்கவில்லை? ஃபோனில் எத்தனை முறை பேசினோம், அந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாயா? திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

படத்தின் பின்புறம், அவள் திருப்பிப் பார்க்காத பக்கத்தில், உன் கையெழுத்து. புள்ளி இருக்கும் இடத்துக்கு நேராக ஒரு அம்புக்குறி போட்டு, "நம்ம வூட்டு வாசல் லைட்டு" என்று எழுதியிருக்கிறாய். அந்தத் துபாய் அறையில் யார் யாருக்கெல்லாம் இதைக் காட்டினாயோ.

போன மாதம் அதே இடத்தில், பாதி நிலாவில், விரல் மடக்கிப் பத்துச் சுற்று எண்ணினேன். படத்தில் ஆறு விழுந்தது. மணல் விழுந்தது. உன் வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவர்வரை விழுந்தது. நீ சொன்னதுதான் சரி. இந்தச் சொல்லை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு படங்களும் என் சட்டைப்பையில் இருக்கின்றன. உன் தெருமுனைவரை இரண்டு முறை போய்த் திரும்பிவிட்டேன். நல்ல படத்தைக் கொடுத்தால், மற்றதைக் கெடுத்தது யார் என்று அவளிடம் சொல்லியாக வேண்டும்.