என் பெயரில் நீ அளித்த சம்மதம்

பழவேற்காடு
19-10-2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40 மணி

கடிதம் எண் 7/2025
பொருள்: வாசற்கேமராவைத் திருப்பி அனுப்புதல் தொடர்பாக

வினோத்துக்கு,

‘அன்புள்ள’ என்ற சொல் விடுபட்டிருப்பது மறதியால் அன்று.

என் இரத்த அழுத்தம் மருந்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஏரியில் இறால் வரத்துப் பரவாயில்லை என்கிறார்கள். நீ தொலைபேசியில் விசாரிக்கும் நலம் இத்துடன் முடிந்தது.

12-01-2025 அன்று பொங்கலுக்கு வந்த நீ, நைனா தனியா இருக்கீங்களே என்று சொல்லி, வாசல் நிலைக்கு மேலே கேமராவைப் பொருத்தினாய். பெங்களூரிலிருந்து என் முகத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் என்றாய். நம்பினேன்.

11-05-2025 அன்று வழக்கம்போல் நம் வாசலில் மீன்பாட்டுச் சீட்டு குலுக்கினார்கள். ஏரியில் எந்த இடத்தில் எவர் என்றைக்கு வலை போடுவது என்பதைச் சீட்டெடுத்துத் தீர்ப்பது இவ்வூரின் முறை, உனக்குத் தெரியாததல்ல. இம்முறை தேவகியின் மகன் மனோஜ் சீட்டுகளைப் பிரித்துப் படித்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்தான். அவனுக்குக் குரல் பெரிது. வேறு தகுதி எதையும் எவரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து ஊரே மறியல் செய்தது. 16-05-2025 அன்று மனோஜைக் கைது செய்தார்கள்.

குற்றப்பத்திரிகையை என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னாள் தேவகி. மனோஜ் இரகசியக் கூட்டம் நடத்தி, துண்டுச் சீட்டுகள் வழியே ஆணையிட்ட தலைவன் என்று அதில் எழுதியிருந்தது. எம்புள்ள தலைவனா சாரு, வூட்ல அவன் பேச்ச கோழிகூட கேக்காதே என்று சிரித்தாள். பிறகு வெகுநேரம் அழுதாள். இணைத்திருந்த புகைப்படத்தில் ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் கட்டம் போட்டுப் பெயர் குறித்திருந்தது. ஓரத்தில் ஒரு வழுக்கைத் தலை. அது என்னுடையது. படம் என் வாசல் நிலைக்கு மேலிருந்து எடுக்கப்பட்டது.

வழக்கறிஞர் மூலம் விளக்கம் கேட்டேன். வீட்டு உரிமையாளர் சிங்காரம், தம் கேமராவைக் காவல்துறையின் கண்காணிப்பு வலையமைப்போடு இணைக்கக் கைப்பேசி வழியே சம்மதம் அளித்துள்ளார் என்று விடை வந்தது. சம்மதம் பதிவான நேரம் 12-01-2025, மாலை 4.12. அப்போது என் கைப்பேசி உன் கையில் இருந்தது. நான் அடுப்படியில் உனக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன். முகங்களுக்குக் கட்டம் போட்ட மென்பொருள் நீ வேலை பார்க்கும் நிறுவனத்துடையது என்பதையும் பிறகு அறிந்தேன்.

24-08-2017 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மாலையில், கல்லூரி விடுதியிலிருந்து என்னை அழைத்து அதன் அருமையை விளக்கியவனும் நீயே.

மனோஜ் ஜாமீனில் இருக்கிறான். தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். அவன் முறை வரும் நாளில் அவனுடைய இடத்தில் வேறொருவர் வலை இறங்குகிறது.

ஆகவே 15-10-2025 அன்று பொன்னேரி நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்துவிட்டேன். அந்தச் சம்மதம் என்னுடையதன்று. என் பெயரில் ஆள்மாறாட்டம் செய்தவன் என் மகன் என்பதே மனுவின் சாரம். இதனால் உன் வேலை போகும். அதை எண்ணிப் பார்த்தே கையெழுத்திட்டேன். விசாரணை 12-11-2025, புதன்கிழமை, காலை 10.30 மணி. நீ கூண்டிலேறி உண்மையைச் சொன்னால் மனோஜ் விடுபட வழியுண்டு. சொல்லாவிட்டால் நான் சொல்வேன், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

காட்டிக்கொடுத்தவன் யாரென்று தேவகிக்கு இன்னும் தெரியாது. எவனா இருந்தாலும் அவன் குடி விளங்காதுன்னு நம் வாசலில் நின்றே மண்ணை வாரித் தூற்றினாள். நான் தடுக்கவில்லை. அந்தக் குடி என் குடி என்றும் சொல்லவில்லை. அவளிடம் சொல்லும் வேலையை உனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

நீ நீண்ட நாள் வாழ வேண்டும். வாழும் நாளெல்லாம், யாரோ உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவே உனக்குத் தோன்ற வேண்டும்.

இப்படிக்கு,
உன் தகப்பன்,
த. சிங்காரம்
தலைமை எழுத்தர் (ஓய்வு)

இணைப்பு:
1. கேமரா ஒன்று, வயருடன்.
2. மனுவின் நகல். எதிர்மனுதாரர் வரிசையில் உன் பெயரை அடிக்கோடிட்டுள்ளேன்.
3. தேவகி தூற்றிய மண், ஒரு பொட்டலம்.
4. காய்ந்த இறால், ஒரு பை. தீபாவளிக்கு வினோத் தம்பி வரலியாமே, அதுக்குப் புடிக்கும், அனுப்பி வையுங்கன்னு தேவகி கொடுத்தது. அவள் போட்ட முடிச்சை நான் அவிழ்க்கவில்லை.